அன்பு இல்லாவிட்டால் குற்றமா? - 'டிஸ்அஃபெக்ஷன்' என்ற சொல்லின் கதை

அதிருப்தியைச் சொல்ல ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. வாங்கிய பொருள் சரியில்லை என்றால் 'டிஸ்ஸாடிஸ்ஃபேக்ஷன்'. வாழ்க்கையிலேயே மனநிறைவு இல்லை என்றால் 'டிஸ்கன்டென்ட்'. 'டிஸ்அஃபெக்ஷன்' இவற்றின் உறவுக்காரச் சொல்தான். ஆனால் பற்றோ விசுவாசமோ இருந்த இடத்தில், அல்லது இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிற இடத்தில், அது விட்டுப்போவதைத்தான் இச்சொல் குறிக்கும். அரசு, ராணுவம், கட்சி, பள்ளிக்கூடம் போன்றவற்றின் மீதுதான் அது வரும். ஹோட்டல் இட்லி மீது யாருக்கும் டிஸ்அஃபெக்ஷன் வராது!

இன்றைய பிரிட்டனில் படிப்பில் பிடிப்பு விட்டுப்போன மாணவர்களைப் பற்றியும், கட்சிகள் மேல் நம்பிக்கை போன வாக்காளர்களைப் பற்றியும் பேசும்போது இந்தச் சொல் வரும். சாதுவான சொல்லாகத்தான் தெரிகிறது. இந்தியாவில் இதே சொல் பல தலைவர்களைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது.

1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் வந்தபோது ராஜதுரோகப் பிரிவு அதில் இல்லை. 1870-ல் 124-ஏ என்று சேர்த்தார்கள். அரசின் மீது டிஸ்அஃபெக்ஷன் உணர்ச்சியைத் தூண்டினால் ஆயுள் முழுக்க நாடுகடத்தல் வரை தண்டனை. அரசின் நடவடிக்கைகளை ஏற்காமல் கண்டிப்பது மட்டும் குற்றமல்ல என்று ஒரு விளக்கமும் இருந்தது. சரி, கண்டனம் எங்கே முடிகிறது, டிஸ்அஃபெக்ஷன் எங்கே தொடங்குகிறது? அங்கேதான் சிக்கல்.

1891-ல் கல்கத்தாவில் 'பங்கபாசி' பத்திரிகை வழக்கில் தலைமை நீதிபதி பெதரம், அது அன்புக்கு எதிரான உணர்வு, அதாவது வெறுப்பு என்றார். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் தண்டனை இல்லை. பத்திரிகை தரப்பு மன்னிப்புக் கேட்டதும் வழக்கு கைவிடப்பட்டது.

அடுத்து 1897. 'கேசரி'யில் வெளியானவற்றுக்காக பம்பாய் உயர் நீதிமன்றத்தில் திலகர் மீது வழக்கு. நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிகளுக்குச் சொன்ன விளக்கம்தான் இந்தக் கதையின் மையம். டிஸ்அஃபெக்ஷன் என்றால் அன்பு இல்லாமை என்றார் அவர். பகை, வெறுப்பு, அவமதிப்பு என எல்லா வகைக் கெட்ட எண்ணமும் அதில் அடங்கும், அளவு எவ்வளவு என்பது முக்கியமில்லை என்றும் சொன்னார்.

இதை நண்பர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிர்வீட்டுக்காரர் மேல் எனக்கு அன்பு கிடையாது. அதற்காக நான் அவருக்குப் பகைவனா? 'டிஸ்' என்ற முன்னொட்டை 'இல்லாமை' என்று படித்தால், அரசை நேசிக்காமல் சும்மா இருப்பவனும் மாட்டிக்கொள்வான். ஜூரிகளில் ஐரோப்பியர் 6 பேரும் குற்றவாளி என்றார்கள், இந்தியர் 3 பேரும் இல்லை என்றார்கள். திலகருக்கு 18 மாதம் கடுங்காவல். மறு வருடமே, 1898-ல், சட்டத்தைத் திருத்தி, விசுவாசமின்மையும் எல்லாவிதப் பகை உணர்ச்சிகளும் இச்சொல்லில் அடங்கும் என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

1908-ல் இதே பிரிவில்தான் வ.உ.சி.க்குத் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே ஆயுள் தண்டனை விதித்தார் (மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது). பேசியது தமிழ், தண்டித்தது ஓர் ஆங்கிலச் சொல். நாம் இதைப் பொதுவாக 'ராஜதுரோகம்' என்கிறோம். எனக்கு அது பொருத்தமாகத் தெரியவில்லை. துரோகம் என்பது ஒரு செயல். டிஸ்அஃபெக்ஷனோ மனசுக்குள் இருக்கும் ஓர் உணர்ச்சி. சட்டத்தின் விபரீதமே அதில்தான் இருக்கிறது, தமிழில் அது மறைந்துபோகிறது.

அந்த விபரீதத்தை நேராகப் பிடித்தவர் காந்தி. 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் நீதிபதி புரூம்ஃபீல்டு முன் அவர் குற்றத்தை மறுக்கவே இல்லை. அன்பைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியாது, வன்முறையைத் தூண்டாதவரை ஒருவர் தன் வெறுப்பை முழுமையாக வெளியிடலாம் என்பது அவர் வாதம். கிடைத்தது 6 வருடச் சிறை.

சுதந்திரத்துக்குப் பிறகும் பிரிவு அப்படியே இருந்தது. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்யவில்லை. வன்முறையையோ பொது ஒழுங்குக் குலைவையோ தூண்டும் பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சுருக்கியது. ஏறக்குறைய காந்தி 40 வருடம் முன்பு சொன்னதுதான்! 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124-ஏ பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 152-ஆம் பிரிவு பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி என்றெல்லாம் பேசுகிறது, டிஸ்அஃபெக்ஷன் என்ற சொல் அதில் இல்லை.

சொல் ஒழிந்ததா என்றால், இல்லை. 1967-ன் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், எது சட்டவிரோத நடவடிக்கை என்று விளக்கும் இடத்தில், இந்தியாவுக்கு எதிரான டிஸ்அஃபெக்ஷன் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.