காப்புநகல் நிரலும் சொல்லப்படாத பிழையும்: யூனிக்ஸ் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை வழங்கியின் தரவு அடைவை நீக்குவதாக எண்ணி முதன்மை வழங்கியின் அடைவை நீக்கத் தொடங்கினார். தவறை உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது. நாள்தோறும் காப்புநகல் எடுக்கும் ஏற்பாடு அங்கு இருந்தது. எனினும், நகல்கள் இருக்க வேண்டிய சேமிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பிலும் நகலெடுக்கும் கருவி 9.2ஆம் பதிப்பிலும் இருந்ததால், கருவி ஒவ்வொரு முறையும் பிழையுடன் நின்றிருந்தது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ, உரிய கையொப்பம் இல்லாமையால் நிராகரிக்கப்பட்டிருந்தன.

பிழை நேர்ந்தது, ஆனால் அச்செய்தி எவரையும் எட்டவில்லை. காப்புநகல் வரலாற்றில் இது புதிதன்று. அதன் வேர் யூனிக்ஸின் தொடக்க ஆண்டுகளிலேயே உள்ளது.

ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாகப் பாய்ச்சும் ‘குழாய்’ என்னும் வசதி 1973இல் பெல் ஆய்வகத்தில் உருவானது. டக் மெக்கில்ராய் பல்லாண்டுகள் வலியுறுத்திய கருத்துக்குக் கென் தாம்சன் வடிவம் கொடுத்தார். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு மேலும் இரண்டைத் தந்தது. ஒன்று, பல கோப்புகளை ஒரே பொதியாக்கிக் காந்தநாடாவில் எழுதும் ‘டார்’. மற்றொன்று, ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல். கணினி நிர்வாகிகள் டார் கட்டளையைத் தம் தேவைக்கேற்ற ஷெல் நிரல்களுக்குள் பொதிந்தனர். எந்த அடைவுகளைச் சேர்ப்பது, எதை விலக்குவது, பொதிக்கு எந்தத் தேதியிட்ட பெயர் சூட்டுவது என்பவற்றையெல்லாம் அச்சிறு உறைநிரலே தீர்மானித்தது. 1992இல் ஜிஸிப் வந்தபின், டாரின் வெளியீட்டைக் குழாய்வழி அதற்கு அனுப்பிச் சுருக்குவது பரவலான வழக்கமாயிற்று.

சிக்கல் அங்கேதான் இருந்தது. குழாயால் இணைந்த கட்டளைகளுள் இறுதிக் கட்டளையின் முடிவுநிலையை மட்டுமே போர்ன் ஷெல் கணக்கில் கொள்ளும். சில கோப்புகளைப் படிக்க இயலாமல் டார் பிழையுடன் முடிந்தாலும், தனக்கு வந்ததை ஜிஸிப் செவ்வனே சுருக்கிவிட்டு, வெற்றியைக் குறிக்கும் சுழியத்தைத் திருப்பித் தரும். உறைநிரல் ‘நிறைவுற்றது’ என்று பதிவேட்டில் எழுதும். பொதிக்குப் பெயரும் தேதியும் இருக்கும். உள்ளே சில கோப்புகள் மட்டும் இரா. சரிபார்ப்புத் தொகையும் இங்கு உதவாது. டாரின் தொகை ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியை மட்டுமே காக்கிறது. ஜிஸிப்பின் தொகையோ தன்னிடம் வந்து சேர்ந்த தரவுக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. வந்து சேராத கோப்பைப் பற்றி இரண்டும் ஒன்றும் அறியா.

குழாயின் எந்தக் கட்டளை தோற்றாலும் முழுவதையும் தோல்வியாகக் கொள்ளும் ‘பைப்ஃபெயில்’ விருப்பம் பாஷ் ஷெல்லின் 3.0ஆம் பதிப்பில் 2004இல் சேர்ந்தது. போசிக்ஸ் தரநிலை அதை 2024இல்தான் ஏற்றது. போர்ன் ஷெல் வெளிவந்து அப்போது 45 ஆண்டுகள் கடந்திருந்தன. இன்றும் நிரல் எழுதுபவரே அதைக் கேட்டுப் பெற வேண்டியுள்ளது.

ஆயினும், அந்த ஒரு வரி மட்டும் போதாது. முடிவுநிலை சரியாக இருப்பது நகல் எடுக்கப்பட்டதையே காட்டும். அது மீளும் என்பதைக் காட்டாது. பழுதான கணினியை வேறொரு வட்டிலிருந்து இயக்கி, அதன் வட்டைத் தனியோர் அடைவின்கீழ் இணைத்து மீட்பதே வழக்கம். பொதியில் முழுப்பாதைகள் இருந்தால், கோப்புகள் மீட்கவந்த கணினியின்மேலேயே எழுதப்பட்டுவிடும். குனூ டார், பாதையின் முதற்சாய்கோட்டை இயல்பாகவே நீக்குவது இதன்பொருட்டே. இத்தகைய இடர்கள் ஒருமுறை மீட்டுப் பார்த்தால்தான் புலப்படும்.

கிட்லேப் நிறுவனத்தைக் காத்தது, விபத்துக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு வேறொரு பணிக்காகப் பொறியாளர் கையால் எடுத்திருந்த ஒரு நிழற்படிவம். இடைப்பட்ட நேரத்தில் உருவான சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 பயனர் கணக்குகளும் தரவுத்தளத்திலிருந்து மறைந்தன. நடந்ததை ஒளிக்காமல் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின் சீர்திருத்தப் பட்டியலில், காப்புநகல்களைத் தானாகவே மீட்டுச் சோதிக்கும் ஏற்பாடும் இடம்பெற்றது. 1979 முதல் எழுதப்பட்டுவரும் உறைநிரல்கள் பலவற்றில் விடுபட்டிருப்பது அந்தச் சோதனையே.