நகர்ப்புறச் சிற்றேரி மீன்பிடிப்பு (மின்னசோட்டா)

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களைச் சுற்றியுள்ள சிறு ஏரிகளையும் குளங்களையும் படகில்லாதவர்களும் தூண்டில் போடும் இடங்களாக மாற்றும் அரசுத் திட்டம். ‘ஃபிஷிங் இன் தி நெய்பர்ஹுட்’ என்ற பெயரில் மாநில இயற்கை வளத் துறை, உள்ளூர் நகராட்சிகளுடனும் பூங்காத் துறைகளுடனும் சேர்ந்து இதை நடத்துகிறது. நீருக்குள் நீளும் மீன்பிடி மேடைகள், சக்கர நாற்காலி செல்லும் பாதைகள், கரையோர அமர்விடங்கள் ஆகியவை இதன் முக்கியப் பணிகள். புளூகில், கெளுத்தி போன்ற மீன்கள் விடப்படுகின்றன.

ஆழமில்லாத ஏரிகளில் பெரிய இடர் பனிக்காலமே. பனிக்கட்டியும் அதன்மேல் படியும் பனியும் வெளிச்சத்தைத் தடுக்க, நீர்த்தாவரங்கள் ஆக்சிஜன் தருவது குறைகிறது. அழுகும் தாவரங்களோ இருப்பதையும் உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் கூட்டமாக மடிகின்றன. இதைத் தடுக்கச் சில ஏரிகளில் காற்றூட்டிகள் இயங்குகின்றன. அவற்றைச் சுற்றிப் பனிக்கட்டி மெலிந்திருக்கும் என்பதால் எச்சரிக்கைப் பலகைகள் கட்டாயம்.

மாநிலங்களின் இத்தகைய பணிகளுக்கு 1950ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வழிவகுத்தது. அதன்படி, தூண்டில் கருவிகள் மீதான வரி மீன்வளத்துக்கே திரும்புகிறது. மிக நேர்மையான ஏற்பாடு இது. மின்னசோட்டாவில் வசிக்கும் 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை; வீட்டருகே ஏரி இருந்தால்தான் அச்சலுகை ஏழைச் சிறுவர்களுக்கும் உண்மையில் பயன்படும்.