பல்ப் இதழ்களில் அறிவியல் புனைகதை ஓவியம்

அமெரிக்காவில் 1920களின் நடுப்பகுதியிலிருந்து 1950கள் வரை, மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான கதை இதழ்களில் வளர்ந்த ஓவிய மரபு இது. விண்கலம், வேற்றுக்கோள்வாசி, இயந்திர மனிதன் என்றதும் இன்று நம் மனத்தில் எழும் உருவங்களில் பலவும் இந்த ‘பல்ப்’ இதழ்களின் அட்டைகளில்தான் முதலில் பரவலாகத் தெரிந்தன. கலை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் இதைத் திரும்பியே பார்க்கவில்லை. அரை நிர்வாணப் பெண்ணும் பச்சை அரக்கனும் நிறைந்த அட்டைகள் பலவற்றைப் பார்த்தால், அவர்களை முழுதாகக் குறைசொல்லவும் முடியாது.

இதழின் அட்டை வழவழப்பான தாள். அதில் வண்ண அச்சு நன்றாக எடுபடும். உள்பக்கமோ சொரசொரப்பான, மையை உறிஞ்சிக்கொள்ளும் தாள். நிழலும் சாயலுமாகத் தீட்டிய படத்தை அதில் அச்சிட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும். அதனால் அட்டைக்கு வண்ண ஓவியம், உள்ளே கறுப்பு மையில் கோட்டோவியம் என்று இரண்டு தனித்தனிக் கலைகள் உருவாயின. இரண்டிலும் ஒருசேரச் சிறந்தவர்கள் குறைவு. போதாததற்கு, கடையில் டஜன்கணக்கான இதழ்களுக்கு நடுவே தொங்கும் அட்டை, நடந்துபோகிறவரை நிறுத்தியாக வேண்டும். இந்த ஓவியங்களின் அடர்நிறத்துக்கும் மிகைக்கும் ஓவியரின் ரசனையைவிடத் தாளும் கடையுமே பெரிய காரணம்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. ஜூல் வெர்னின் நாவல்களுக்குப் பிரான்சில் எடுவார் ரியூ முதலியோர் வரைந்தார்கள். எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்புக் கதை 1897இல் பியர்சன்ஸ் மாத இதழில் தொடராக வந்தபோது வார்விக் கோபிள் படம் போட்டார். அதே நாவலின் 1906ஆம் ஆண்டு பெல்ஜியப் பதிப்புக்குப் பிரேசில்காரரான அல்விம் கொரேயா வரைந்த படங்கள், பின்னால் வந்த எந்தப் பல்ப் ஓவியத்தையும்விட அச்சமூட்டுபவை. ஆனால் இவை ஆங்காங்கே நிகழ்ந்த தனி முயற்சிகள். மாதந்தோறும் எதிர்காலத்தை வரைவதே பிழைப்பு என்ற நிலை 1926 ஏப்ரலில் நியூயார்க்கில் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ வெளிவந்த பிறகுதான் உண்டானது.

அதன் நிறுவனர் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் லக்சம்பர்க்கிலிருந்து வந்தவர். வானொலி உதிரிபாக வியாபாரமும் தொழில்நுட்ப இதழ்களும் நடத்தியவர். அந்த இதழ்களில் தமக்கு வரைந்துகொண்டிருந்த ஃபிராங்க் ஆர். பாலையே புதிய இதழுக்கும் அழைத்தார். ஆஸ்திரியாவில் 1884இல் பிறந்த பால், கட்டட வரைபடப் பயிற்சி பெற்றவர். 25 சென்ட் விலையிட்ட முதல் இதழின் அட்டையில், வானை அடைத்துக்கொண்டு வளையத்தோடு நிற்கும் சனி. கீழே பனிக்கட்டியில் சறுக்கி விளையாடும் மனிதர்கள். பனி மேடுகளின் உச்சியில் தரைதட்டி நிற்கும் பாய்மரக் கப்பல்கள். வெர்னின் வால்நட்சத்திரக் கதைக்கான படம் அது. அடுத்த மூன்றாண்டுகளுக்கு அட்டைகளை மாதாமாதம் பாலே வரைந்தார். உள்படங்களிலும் பெரும்பகுதி அவருடையதே.

பாலின் நகரங்களில் கோபுரங்கள் அடுக்கடுக்காக எழும், நடுவே பாலங்கள் ஓடும், இயந்திரங்களின் திருகாணி வரை எண்ணிவிடலாம். வானம் மட்டும் ஒரே பட்டையாக மஞ்சளோ சிவப்போ பூசியிருக்கும். மனிதர்கள்தாம் சோபிக்கவில்லை, மரப்பொம்மைகள்போல விறைத்து, வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ஆனால் வேற்றுலக உயிர்களை வரையும்போது கை தளர்ந்து, கற்பனை ஓடும். அந்தக் கோளின் காற்றும் ஈர்ப்பும் எப்படியிருந்தால் உடல் எப்படியிருக்கும் என்று யோசித்து வரைந்தவர் அவர்.

படம் முந்தி, கதை பிந்தி என்ற வழக்கத்துக்கும் இந்த இதழே நல்ல சான்று. 1926 டிசம்பர் அட்டையில் ஒரு பெரிய கோளக் கலம் கடற்கப்பல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆகாயத்தில் மிதக்கிறது. வேற்றுலகவாசிகள் வேடிக்கை பார்க்கிறார்கள். இந்தப் படத்துக்கேற்ற கதை எழுதுங்கள் என்று மொத்தம் 500 டாலர் பரிசு அறிவித்தார் கெர்ன்ஸ்பாக். மூன்றாம் பரிசு பெற்ற கிளேர் விங்கர் ஹாரிஸ், அறிவியல் புனைகதை இதழ்களில் தம் சொந்தப் பெயரில் எழுதிய முதல் பெண்ணாக அறியப்படுகிறார்.

1929இல் கெர்ன்ஸ்பாக் நொடித்து இதழை இழந்தார். அவர் தொடங்கிய புதிய இதழ்களுக்குப் பாலும் உடன் போனார். 1930இல் பிறந்த ‘அஸ்டவுண்டிங்’ இதழின் முதல் அட்டை வெஸ்ஸோ என்று கையொப்பமிட்ட ஹான்ஸ் வெசோலோவ்ஸ்கியுடையது. பின்னர் ஹோவர்ட் பிரவுனும் ஹியூபர்ட் ராஜர்ஸும் அந்த இதழுக்கு நிதானமான முகம் தந்தார்கள். ‘ஸ்டார்ட்லிங் ஸ்டோரிஸ்’, ‘திரில்லிங் வொண்டர்’ இதழ்களில் ஏர்ல் பெர்கி அதற்கு நேர் எதிர்த்திசையில் போனார்: உலோகக் கச்சை அணிந்த அழகி, பிதுங்கிய கண்களோடு ஒரு ஜந்து, காப்பாற்ற ஒரு வீரன். காற்றில்லாத வெளியில் அவள் எப்படி மூச்சுவிடுகிறாள் என்று கேட்ட வாசகர்களும் இதழை வாங்கத்தான் செய்தார்கள்.

மாயக்கதை இதழான ‘வியர்ட் டேல்ஸ்’ சற்றே வேறு வகை. ஆனால் அதன் இரு ஓவியர்களைத் தவிர்க்க முடியாது. சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் பிரண்டேஜ் 1932 முதல் 1945 வரை அதற்கு 66 அட்டைகள் வரைந்தார். அட்டைக்கு 90 டாலர் கிடைத்தது. ‘எம். பிரண்டேஜ்’ என்ற கையொப்பத்தைப் பார்த்துப் பலரும் ஆண் என்றே நினைத்திருந்தார்கள். அவர் கையாண்டது தொட்டாலே கலைந்துபோகும் பேஸ்டல் சுண்ணம். இதழ் 1938இல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்த பிறகு, அத்தகைய படங்களைச் சிகாகோவிலிருந்து அனுப்புவதே பெரும்பாடாயிற்று.

மற்றவர் வர்ஜில் ஃபின்லே. உள்பக்கக் கோட்டோவியத்தின் உச்சம் இவர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. சாயல் அச்சாகாது என்ற குறையைப் புள்ளியால் வென்றவர். ஒரு கன்னத்தின் வளைவுக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றும் பேனா முனையால் தனித்தனியே வைத்தது. மை பூசிய சுரண்டல் அட்டையில் கூர்கருவியால் கீறிக் கறுப்பிலிருந்து வெள்ளையை எடுப்பதும் உண்டு. பக்கத்தைக் கண்ணருகே கொண்டுவந்தால் வெறும் புள்ளிக்கூட்டம். கை நீட்டிப் பிடித்தால் நீரில் மிதக்கும் கூந்தல். இவ்வளவு உழைப்புக்கும் ஏற்ற ஊதியத்தைப் பல்ப் இதழ்கள் தந்ததில்லை.

இந்த வரிசைக்கு வெளியிலிருந்து வந்தவர் செஸ்லி போன்ஸ்டெல் (1888–1986). 1905இல் லிக் வானாய்வகத்தின் தொலைநோக்கியில் சனியைப் பார்த்துவிட்டு வரைந்த படம், மறுவருடம் சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் கருகியது. கட்டடக்கலை படித்து, ஹாலிவுட்டில் பின்னணிக் காட்சிகள் தீட்டி, 56ஆம் வயதில்தான் அவர் சனிக்குத் திரும்பினார். 1944இல் ‘லைஃப்’ இதழில் வந்த படங்களில், டைட்டன் துணைக்கோளின் பாறைகளுக்கு மேலே நீல வானில் சனி தொங்கும் காட்சி புகழ்பெற்றது. கேமரா கோணத்தைக் கணக்கிட்டு வரைந்ததால் புகைப்படமோ என்று மயங்க வைத்தது. வில்லி லேயுடன் 1949இல் அவர் வெளியிட்ட விண்வெளி நூல் ஒரு தலைமுறையையே ராக்கெட் பக்கம் இழுத்தது. ஆனால் அவர் ஈட்டிபோல் கூராக வரைந்த நிலவு மலைகள் நிஜத்தில் மழுங்கியவை. டைட்டனின் வானமும் நீலமன்று, அடர்ந்த ஆரஞ்சு மூட்டம்.

போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டில் ‘அஸ்டவுண்டிங்’ 1943இல் சிறிய டைஜஸ்ட் அளவுக்குச் சுருங்கியது. 1955க்குள் பழைய பெரிய பல்ப் இதழ்கள் அநேகமாக மறைந்துவிட்டன. 1953இல் முதன்முறையாக வழங்கப்பட்ட ஹியூகோ விருதுகளில் அட்டை ஓவியத்துக்கானதை எட் எம்ஷ்வில்லரும் ஹானஸ் போக்கும் பகிர்ந்துகொண்டார்கள்; உள்படத்துக்கானது ஃபின்லேக்குப் போனது. வேலை மெல்ல மெல்லப் பேப்பர்பேக் நூல்களுக்கு மாறியது. பாலன்டைன் நிறுவனத்துக்கு ரிச்சர்ட் பவர்ஸ் வரைந்த அட்டைகளில் விண்கலமே இருக்காது. எலும்பும் உலோகமுமாக உருகி நிற்கும் சர்ரியலிச வடிவங்கள்தாம். பாலின் திருகாணிகளுக்குப் பழகிய கண்ணுக்கு இது பெரிய தாவல். கதைகளும் அதற்குள் வெகுதூரம் வந்திருந்தன.

அதே 1953இன் அக்டோபர் ‘அஸ்டவுண்டிங்’ அட்டையில் கெல்லி ஃபிரீஸ் ஒரு ராட்சத இயந்திர மனிதனை வரைந்தார். உள்ளங்கையில் உயிரற்ற மனிதன். செய்த தவறு புரியாமல் விழிக்கும் குழந்தைபோல் அதன் முகம். குவீன் இசைக்குழுவின் டிரம்மர் ரோஜர் டெய்லரிடம் அந்த இதழின் பிரதி இருந்தது. 1977இல் வந்த ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ இசைத்தட்டின் உறைக்காக, குழுவினர் கேட்டுக்கொண்டபடி ஃபிரீஸே அந்தப் படத்தை மறுபடி தீட்டி, இயந்திர மனிதனின் கையில் அவர்களை வைத்துக் கொடுத்தார்.