சக்கரம் கட்டிய வீடு

இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் எக்ஸிடர் நகரில், 15ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு ஒன்றை ஊர்க்காரர்கள் 'நகர்ந்த வீடு' என்கிறார்கள். 1961 டிசம்பரில் அது நிஜமாகவே நகர்ந்தது.

1942 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் பழைய நகரத்தின் பெரும்பகுதியை எரித்தபோது தப்பித்த வீடு இது. பத்தொன்பது வருஷம் கழித்து எமனாக வந்தது ஒரு புறவழிச்சாலை. இடித்துவிடுவதாகத்தான் இருந்தார்கள், தொல்லியல்காரர்கள் விடவில்லை.

நகர்த்த முடிந்ததற்குக் காரணம் பழைய தச்சு வேலை. இத்தகைய வீட்டில் சுவர் எதையும் தாங்குவதில்லை. ஓக் மரத் தூண்களும் உத்தரங்களும் துளையில் கழுந்து செருகி, மர ஆணி அடித்து இறுக்கப்பட்டவை. பாரம் முழுக்க அந்தச் சட்டத்தின் மேல்தான். நம்மூர் மரக்கட்டில் மாதிரி என்று வையுங்கள், தூக்கினால் மொத்தமாகத்தான் வரும். குறுக்குமறுக்காக மரம் கொடுத்துக் கட்டி, ஜாக்கியால் தூக்கி, அடியில் சக்கரம் வைத்து, இருபது டன்னுக்கு மேல் எடையுள்ள வீட்டைத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். மேட்டில் சுமார் எழுபது மீட்டர் ஏறச் சில நாட்கள் பிடித்தன. பிறகு பழுதுபார்த்தார்கள்.

இந்தச் சாகசத்தைச் சொல்பவர்கள் சாலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அது மூலைவீடு. இரண்டு தெருவைப் பார்த்து இரண்டு பக்கமும் மாடிகளை வெளியே நீட்டியிருந்தார்கள். வீடு பிழைத்தது, அந்த மூலை போய்விட்டது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு யாரும் சக்கரம் கட்டவில்லை.