செங்கல் சூளை முதல் இரயில் நிலையம் வரை: பிரிக்பீல்ட்ஸ் வழியே ஒரு மெதுவோட்டம்



தன்னையும் குடும்பத்தையும் அறிவது, பின்னர்ப் பள்ளியையும் வாழிடத்தையும் அறிவது என்ற வரிசையில்தான் நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது. மலாக்கா சுல்தான்களைப் பற்றிக் கற்பதற்கு முன்னரே, மாணவர்கள் தம் வீட்டு வாசலில் உள்ள வரலாற்றைக் காண வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டாகக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அடுத்தடுத்துப் பேரழிவுக்கு உள்ளானது. அன்றைய வீடுகள் பெரும்பாலும் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆனவை. 1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என வலியுறுத்தினார். செங்கல்லின் தேவை பெருகியது. கப்பித்தான் யாப் ஆ லோய் பரந்த நிலம் வாங்கிச் செங்கல் தொழிலைத் தொடங்கினார். அத்தொழிலே இவ்வட்டாரத்திற்குப் பெயரானது.

1886-இல் கிள்ளான் நோக்கிய இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன்பின் இவ்வட்டாரம் இரயில்வே ஊழியர்களின் இருப்பிடமாக வளர்ந்தது. தமிழகத்திலிருந்து தொழிலாளர்களும், இலங்கையிலிருந்து எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் இங்குக் குடியேறினர்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் என் துணைவியாரும் இவ்வட்டாரத்தில் மெதுவோட்டம் ஓடுவது வழக்கம். முன்னாளில் பிரிக்பீல்ட்ஸ் சாலை எனப்பட்ட ஜாலான் துன் சம்பந்தனில் விவேகானந்தா ஆசிரமம் நிற்கிறது. அது 1904-ஆம் ஆண்டுக் கட்டடம். 2014-இல் அந்நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளிவந்தபோது பொதுமக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 2016-இல் அது மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஜாலான் ஸ்காட்டில் யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் உள்ளது. ஜாலான் பெர்ஹாலாவில் சிங்களர் அமைத்த பௌத்த மகா விகாரை உள்ளது. அதனை நிறுவிய சங்கம் 1894-இல் தோன்றியது. இரயில் பணிக்கு வந்தவர்கள் தங்கள் வழிபாட்டையும் உடன் கொண்டுவந்தனர் என்பதை இத்தெருக்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும்.

ஜாலான் ரொசாரியோவை அடைந்ததும் என் துணைவியாரின் ஓட்டம் நடையாகிவிடும். அங்குதான் 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' எனப்பட்ட அரசு ஊழியர் குடியிருப்புகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அவ்வீடுகள் 2010-ஆம் ஆண்டுகளில் இடிக்கப்பட்டன. அவருடைய தந்தையார் இரயில்வே ஊழியர். இவர் வளர்ந்தது அந்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான்.

"இங்கதாங்க எங்க வீட்டு வாசல் இருந்தது" என்பார். சில அடிகள் நடந்தபின், "இல்லைங்க, இன்னும் கொஞ்சம் தள்ளி" என்பார்.

அவ்வீட்டின் நிழற்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. வழிகாட்டக்கூடிய தந்தையாரும் மறைந்துவிட்டார். ஆசிரமத்தைக் காக்க ஊரே குரல் கொடுத்தது. ஊழியர் வாழ்ந்த வீடுகளோ, அங்கு வாழ்ந்தோரின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அந்நினைவும் ஆண்டுக்கு ஆண்டு மங்கி வருகிறது.

முன்பு இரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த நிலப்பரப்பில் இன்று 2001-இல் திறக்கப்பட்ட கேஎல் சென்ட்ரல் நிலையம் உள்ளது. 2010-இல் 'லிட்டில் இந்தியா' என்ற அடையாளமும் இவ்வட்டாரத்திற்கு வந்து சேர்ந்தது. வளர்ச்சியை நாம் குறை கூறவில்லை. ஆயினும், அலங்கார வளைவுகளை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு, இங்கே செங்கல் சுட்டவரையும் தண்டவாளம் பராமரித்தவரையும் யார் எடுத்துச் சொல்வார்?

ஆசிரியர்களே, மாணவர்களிடம் ஓர் எளிய பணியைக் கொடுங்கள். தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டம், லயம் அல்லது குவாட்டர்ஸின் பெயரை எழுதி வரச் சொல்லுங்கள். அங்கே வீடு எங்கிருந்தது, கிணறு எங்கிருந்தது, கோயில் எங்கிருந்தது என்று ஒரு வரைபடமும் வரையச் சொல்லுங்கள். பெற்றோர்களே, அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒருமுறை அவ்விடத்திற்கு நடந்து செல்லுங்கள். முதியவர் ஒருவரும் உடன் வந்தால் மிக நன்று. அவர் சுட்டிக்காட்டும் இடத்தை அன்றே குறித்து வையுங்கள்.

அந்த ஒரு பக்கக் குறிப்பும் நம் நாட்டு வரலாறுதான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்