பெயர் தாங்கிய மரங்களும் பெயர்க்கப்பட்ட மக்களும்



நினைவுச் சின்னம் என்றதும் நம் மனத்தில் வருவது பீமா கோரேகான் தூண். 1818 போரில் கம்பெனிப் படையில் நின்று மாண்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. அவற்றில் 22 பெயர்கள் மகர்களுடையவை. கம்பெனி தன் வெற்றிக்காக எழுப்பிய தூண் அது. 1927 ஜனவரி 1 அன்று அங்கே சென்ற அண்ணல் அம்பேத்கர், அதை மகர்களின் சாட்சியமாக்கினார். சாட்சியம் தேவைப்பட்ட காலம் அது. 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திய ஆங்கில அரசு, முதல் உலகப் போருக்கு ஆள் வேண்டுமென்றதும் மீண்டும் சேர்த்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அந்தப் படைப்பிரிவைக் கலைத்தும் விட்டது.

அதே போரில், அதே பேரரசுக்காகச் செத்தவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மக்கள் மரம் நட்டார்கள். அந்த மரங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கல்லில் பெயர் இருப்பதன் பயன் என்ன என்ற நம் கேள்வி அங்கேயும் இருக்கிறது.

பாக்கஸ் மார்ஷ் ஒரு விவசாய ஊர். 1918 ஆகஸ்ட் 10 அன்று எக்காளம் ஊதியதும் சாலையின் இருபுறமும் 281 எல்ம் கன்றுகளை ஒரே நேரத்தில் நட்டார்கள். ஒவ்வொன்றும் அந்த வட்டாரத்திலிருந்து போருக்குப் போன ஒருவர் பெயரில். போர் அப்போது முடிந்திருக்கவில்லை. செத்தவருக்கும் மரம், உயிரோடு களத்தில் நின்றவருக்கும் மரம். 'அவென்யூ ஆஃப் ஹானர்' என்று அழைக்கப்படும் இத்தகைய சாலைகள் விக்டோரியாவின் பல சிற்றூர்களில் உண்டு.

ஏன் மரம்? மாண்டவர்களின் உடல்கள் ஊர் திரும்பவில்லை. விழுந்த நாட்டிலேயே புதைக்கப்பட்டன. பிரான்சுக்குப் போய் மகனின் குழியைப் பார்க்க ஓர் ஏழைத் தாய்க்கு வழி ஏது? ஊர்ச் சாலையில் அவன் பெயரோடு நிற்கும் கன்றுக்கு அவள் தண்ணீர் ஊற்ற முடியும். இன்னொரு காரணமும் இருந்தது என்று நினைக்கிறேன். கட்டாய இராணுவச் சேவை வேண்டுமா என்று 1916இலும் 1917இலும் அரசு வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் மக்கள் மறுத்தார்கள். ஆகவே போனவர்கள் எல்லோரும் தாமாகப் போனவர்கள். யார் பெயரில் மரம் இருக்கிறது என்பது தெரியும் ஊரில், யார் பெயரில் இல்லை என்பதும் தெரியுமல்லவா?

பாலரட் நகரத்துச் சாலை இவற்றில் பெரியது. சுமார் 22 கிலோமீட்டர், 3,700க்கும் மேற்பட்ட மரங்கள். 1917 முதல் 1919 வரை அவற்றை நட்டு முடிக்கப் பணம் திரட்டியவர்கள் லூக்காஸ் துணித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள். பதவி வரிசையில் நடவில்லை, படையில் சேர்ந்த வரிசையில் நட்டார்கள். அதிகாரிக்குப் பக்கத்தில் சிப்பாய். சேரி தனி, ஊர் தனி, சுடுகாடும் தனி என்று வாழும் நமக்கு இது சாதாரணச் செய்தி அல்ல.

ஆனால் அந்தச் சமத்துவம் யாருக்குள்? சாலை போடப்பட்ட மண் வாதவுரங் தொல்குடிகளுடையது. நட்ட மரங்களோ எல்ம், ஓக், ஆஷ் என்று ஐரோப்பாவின் மரங்கள். ஐரோப்பிய வம்சாவளி போதிய அளவு இல்லாதவரைப் படையில் சேர்க்கக் கூடாது என்பது அன்றைய விதி. தொல்குடி இளைஞர்கள் தம் அடையாளத்தை மறைத்துச் சேர்ந்தார்கள். 1917இல் ஆள் பற்றாக்குறை வந்ததும், பெற்றோரில் ஒருவர் ஐரோப்பியராக இருந்தால் போதும் என்று விதி தளர்ந்தது. ஆள் குறையும்போது மட்டும் தளரும் தீட்டை நாம் அறியாதவர்களா!

யோர்ட்டா யோர்ட்டா தலைவர் வில்லியம் கூப்பரின் மகன் டேனியல் 1917இல் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். அடுத்த போர் நெருங்கியபோது கூப்பர் அரசுக்கு எழுதினார்: காக்கத் தமக்கென்று ஏதும் இல்லாதவரை எம் மக்களைப் பதுங்குகுழிக்கு அனுப்புவது நியாயமில்லை. மகனைக் கொடுத்த தகப்பன் மரம் கேட்கவில்லை. உரிமை கேட்டார், நிலம் கேட்டார்.

நிலம் கொடுக்கும் திட்டம் இருக்கத்தான் செய்தது. திரும்பி வந்த வீரர்களுக்கு அரசு விவசாய நிலம் பிரித்துக் கொடுத்தது. தொல்குடி வீரர்களில் அதைப் பெற்றவர்கள் மிகச் சிலரே. குண்டிட்ஜ்மாரா மக்களான லொவெட் சகோதரர்கள் ஐவர் முதல் போருக்குப் போய் ஐவரும் உயிரோடு திரும்பினார்கள். அவர்களில் நால்வர் இரண்டாம் போரிலும் சேர்ந்தார்கள். அந்தப் போருக்குப் பின் அவர்களுடைய சொந்த மண்ணான லேக் கொண்டா மிஷன் நிலம் துண்டு போடப்பட்டு, வீரர் குடியேற்றத்துக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டு போர்களில் பணியாற்றிய ஹெர்பர்ட் லொவெட் அதில் ஒரு துண்டு கேட்டு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது.

மிஷன் நிலத்தில் ஒரு பகுதியைத் தொல்குடி மூத்தோரிடம் திருப்பிக் கொடுக்கும் சட்டம் 1987இல்தான் வந்தது.