பேச்சிப்பாறை நீரும் கடல்நீரும்: கூடங்குளம் நன்னீராக்க ஆலைகளும் நாஞ்சில் நாட்டு நீருரிமையும்

முன்னுரை

கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களுக்கான உலகச் சந்தையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நீர்ப் பற்றாக்குறையையே அதன் தோற்றுவாயாகக் கொள்கின்றன. மழை பொய்த்த நிலம் கடலை நாடும் என்பது அவற்றின் அடிப்படைக் கருத்து. இரு பருவமழைகளையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாறு இக்கருத்துக்குள் அடங்குவதில்லை. அம்மாவட்டத்து அணையை நம்பித் திட்டமிடப்பட்ட பெருந்தொழில் ஒன்று பின்னர்க் கடல்நீருக்கு மாறியது. அம்மாற்றத்தை வறட்சியைக் கொண்டு விளக்க இயலாது; பாசன உரிமை குறித்த பூசலைக் கொண்டே விளக்க இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கோதையாற்றுப் பாசனமும் அதன் பங்காளர்களும்

தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டின் நெல்வயல்கள் பழையாற்றையும் அதனோடு இணைந்த குளங்களையும் நம்பியிருந்தன. பரளியாற்று நீரைப் பழையாற்றுக்குத் திருப்பிய பாண்டியன் கால், ஓர் ஆற்றின் நீரை மற்றோர் ஆற்றுப் படுகைக்குக் கொண்டுசெல்லும் மரபு இங்கு மிகப் பழமையானது என்பதைக் காட்டும். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897 முதல் 1906 வரை, கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டப்பட்டது. பொறியாளர் மிஞ்சினின் பெயர் இன்றும் அவ்வணையோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது.

1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழகத்துடன் இணைந்தபின் பாசனப் பரப்பு மாவட்ட எல்லையையும் கடந்தது. இராதாபுரம் கால்வாய் வழியே திருநெல்வேலி மாவட்டத்தின் வறண்ட இராதாபுரம் வட்டமும் கோதையாற்று நீருக்குப் பங்காளியாயிற்று. இந்தப் பங்கீடு கடைமடை உழவரிடையே நீண்டகால மனக்குறையை விளைத்தது. கூடங்குளம் அமைந்துள்ளதும் அதே இராதாபுரம் வட்டத்திலேயே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அணுமின் திட்டமும் இரு எதிர்ப்புகளும்

1988 நவம்பரில் இராஜீவ் காந்தியும் மிகையில் கொர்பச்சேவும் கூடங்குளம் அணுமின் நிலையத்திற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அணுஉலையின் ஆவிச் செறிகலன்களைக் குளிர்விக்கக் கடல்நீர் போதும். ஆனால் நீராவிச் சுற்றுக்கும் பணியாளர் குடியிருப்புக்கும் நன்னீர் வேண்டும். தொடக்கத் திட்டத்தில் இந்நன்னீருக்குரிய மூலமாகப் பேச்சிப்பாறை அணை குறிக்கப்பட்டது. பாசனத்திற்கென்று கட்டப்பட்ட அணையிலிருந்து தொழிலுக்கு நீர் செல்வதைக் குமரி மாவட்ட உழவர்கள் எதிர்த்தனர்.

அதே காலத்தில் கடற்கரையிலும் எதிர்ப்பு எழுந்தது. தேசிய மீனவர் பேரவை 1989 இல் நீரையும் உயிரையும் காக்கும் முழக்கத்துடன் நடத்திய நெடும்பயணம் மே 1 அன்று கன்னியாகுமரியில் நிறைவுற்றது. அணுமின் திட்டத்திற்கு எதிரான குரலும் அங்கு ஒலித்தது. அந்நிகழ்வு காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. உழவர் ஆற்றுநீருக்காகவும் மீனவர் கடல்நீருக்காகவும் ஒரே திட்டத்தை எதிர்த்தனர். எனினும் இரு கோரிக்கைகளும் ஒன்றல்ல என்பதைப் பின்வந்த மாற்றமே புலப்படுத்தியது.

சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சியால் தேங்கிய திட்டம் 1998 இல் புத்துயிர் பெற்றது. கட்டுமானம் 2002 இல் தொடங்கியது. இப்புதிய வடிவில் பேச்சிப்பாறைக்கு மாற்றாக, நாளொன்றுக்குச் சுமார் 77 லட்சம் லிட்டர் நன்னீரை வழங்கவல்ல கடல்நீர் ஆலைகள் இடம்பெற்றன.

இயந்திரத் தேர்வும் உலகச் சந்தையும்

கூடங்குளத்தில் நிறுவப்பட்டவை எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) ஆலைகள் அல்ல. நீராவியை இயந்திரத்தால் அமுக்கி, அவ்வெப்பத்தைக் கொண்டே கடல்நீரை மீண்டும் ஆவியாக்கி வடிக்கும் இஸ்ரேலியத் தொழில்நுட்பம் அங்குப் பயன்பட்டது. வடித்த நீரில் எஞ்சும் உப்பு மிகக் குறைவு. கடல்நீரைச் சவ்வின் வழியே ஒருமுறை செலுத்திப் பெறும் நீரிலோ லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் வரை உப்பு தங்கும். எனவே அணுமின் நிலையத்தின் தூய்மைத் தேவைக்கு வடித்தல் முறை பொருந்தியது.

எனினும் உலகச் சந்தை எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த எஸ். சௌரிராஜனும் 1960 அளவில் செல்லுலோஸ் அசிட்டேட்டினால் உருவாக்கிய சவ்வு, அழுத்தத்தால் உப்பைப் பிரிக்கும் முறையை நடைமுறைக்குரியதாக்கியது. 1970களில் ஜான் கடோட் உருவாக்கிய மென்படலச் சவ்வு அதனை மேலும் வலுப்படுத்தியது. கழிவு உப்புநீரின் அழுத்தத்தை மீட்டுப் பயன்படுத்தும் கருவிகள் வந்தபின், ஒரு கன மீட்டர் நன்னீருக்கு 3 முதல் 4 கிலோவாட் மணி மின்சாரமே போதுமென்ற நிலை உருவாயிற்று. 2019 இல் வெளியான உலகளாவிய மதிப்பீடொன்று, உவர்நீக்கத் திறனில் 69 விழுக்காடு ஆர்.ஓ. முறையைச் சார்ந்தது எனக் கணக்கிட்டது.

தமிழகமும் இப்போக்கில் இணைந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடைய மீஞ்சூர் ஆலை 2010 இலும், அதே திறனுடைய நெம்மேலி ஆலை 2013 இலும் ஆர்.ஓ. முறையில் செயற்பட்டன. முன்னதில் ஸ்பெயின் நாட்டு நிறுவனமும் பின்னதில் இஸ்ரேலிய நிறுவனமும் இந்திய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்தன. கூடங்குளத்திற்கும் சென்னைக்கும் முறை வேறு. கருவிக்கும் நுட்பத்திற்கும் வெளிநாட்டை நாடிய நிலை ஒன்றே.

மாற்றத்தின் சுமை

அணைநீர் வயலுக்கே நின்றது உழவரின் வெற்றி. ஆயின் நன்னீராக்கம் கழிவற்ற தொழிலன்று. மேற்சுட்டிய மதிப்பீட்டின்படி உலக ஆலைகள் நாளொன்றுக்கு 9.5 கோடி கன மீட்டர் நன்னீரைத் தருகையில் 14.2 கோடி கன மீட்டர் செறிவுற்ற உப்புநீரை வெளியேற்றுகின்றன. கூடங்குளத்தில் இது குளிர்விப்புக்குப் பயன்பட்ட பெருமளவு வெந்நீரோடு சேர்ந்து கடலையே அடைகிறது. இவ்வாலைகளுக்கு உரிய சுற்றுச்சூழல் அனுமதி பெறப்பட்டதா என்பது உச்ச நீதிமன்றத்தில் மனுதாரர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று. 2013 மே 6 தீர்ப்பு நிலையம் இயங்க வழிவிட்டது. ஆற்றுநீருக்கான பூசல் தணிந்த இடத்தில் கடல்நீருக்கான பூசல் எஞ்சியது.

முடிவுரை

பேச்சிப்பாறையிலிருந்து கடலுக்கு நிகழ்ந்த மாற்றம் மூன்று உண்மைகளைச் சுட்டுகிறது. முதலாவது, நன்னீராக்கும் இயந்திரத்திற்கான தேவை வறட்சியினால் மட்டும் எழுவதன்று. பழைய நீருரிமையைப் பிறர்க்கு விட்டுக்கொடாத சமூகத்தின் உறுதியாலும் அது எழும். இரண்டாவது, எந்த இயந்திரம் என்பதை உள்ளூர்த் தேவையின் இயல்பு தீர்மானிக்கிறது. எவரிடமிருந்து என்பதை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. மூன்றாவது, மருத நிலத்தின் உரிமை காக்கப்பட்டபோது அதன் விலையில் ஒரு பங்கு நெய்தல் நிலத்தின்மேல் சுமத்தப்பட்டது. அணைக்கு ஆயக்கட்டு என்ற வரையறை உண்டு. அதனால் உழவரின் உரிமையை அளந்து கூற முடிந்தது. கடலுக்கு அத்தகைய வரையறை இல்லை. நாஞ்சில் நாட்டு நீர் வரலாற்றை ஆற்றோடும் குளத்தோடும் நிறுத்தாமல் கடற்கரை வரை விரிக்க வேண்டிய தேவையை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.